டிக்கெட் கவுண்டரில் ஏழு குஞ்சுகள்

ஒரு காட்டில் ஒரு படகுத்துறை இருந்தது. படகுகள் இல்லை. மனிதர்கள் அதைத் திறந்து வைத்துக் கைதட்டிவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. ஏரிக்கரையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு டிக்கெட் கவுண்டர் மட்டும் மிஞ்சியது. அதன் சுவரில் 'சரியான சில்லறை தரவும்' என்று எழுதியிருந்தது. காட்டில் யாரிடமும் சில்லறை இல்லாததால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

அது மலைக்காடு. மார்கழி வந்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். போன மார்கழியில் செங்கமலம் என்ற வாத்தின் குஞ்சுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இந்த வருஷம் மறுபடியும் ஏழு குஞ்சுகள். இந்த ஏழும் தை பிறப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுக்குக் கணவர் உண்டு. ஏரியில் தலையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டே இருப்பார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

செங்கமலம் காட்டுக் கூட்டத்தில் எழுந்தாள். "குளிர் தாங்க முடியலைங்க. குஞ்சுகளுக்கு ஒரு வீடு வேணும்" என்றாள்.

தலைவர் அம்மையப்பக் கரடி தலையாட்டினார். "நல்ல யோசனை. நீயே பண்ணிக்க."

அந்தக் காட்டின் வழக்கம் அது. யார் யோசனை சொன்னாலும், குறை சொன்னாலும், அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். பாதையில் முள் கிடக்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்ன முயல் இன்றும் முள் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சொர்க்கம் என்றே நினைப்பார்கள்.

செங்கமலம் டிக்கெட் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். குளிர் வரக்கூடாது என்று கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் பழைய சாக்கால் அடைத்தாள். தரையில் காய்ந்த புல்லைப் பரப்பினாள். தண்ணீர் இல்லாமல் வாத்துக்கு எப்படித் தூக்கம் வரும் என்று நடுவில் ஒரு தொட்டியையும் வைத்தாள். மறுநாள் காலையில் சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. புல் சேறாகிவிட்டது. ஏழு குஞ்சுகளும் வரிசையாகத் தும்மின.

அன்றைக்குத்தான் புதுமனை புகுவிழா. வந்தவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஈரச் சுவரைப் பார்த்தார்கள், தும்மலைக் கேட்டார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அந்த நேரத்தில் பக்கத்துக் காட்டிலிருந்து துரைக்கண்ணு என்ற நரி வந்து சேர்ந்தார். குஞ்சுகளைப் பார்த்ததும் அவருக்கு வாயில் எச்சில் ஊறியது. நாலு உண்மையைச் சொன்னால் ஐந்தாவதாகச் சொல்லும் பொய்யை யாரும் நம்பிவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் ரகசியம். கதவே வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்பதுதான் அந்த ஐந்தாவது. இந்தக் காட்டின் வழக்கம் மட்டும் அவருக்குத் தெரியாது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மணி, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. வாத்தைக் கொல்றது குளிர் இல்ல, ஈரம். உங்க மூச்சுக் காத்து வெளிய போக வழியில்ல பாருங்க. கூரையை ஒட்டி ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க, கீழ மட்டும் அடைச்சு வைங்க. அந்தத் தண்ணித் தொட்டி வெளியதான் இருக்கணும். டிக்கெட் குடுக்கற ஓட்டைக்குக் கம்பிவலை அடிங்க, இல்லாட்டி கீரி புகுந்துரும். அப்புறம் இந்தக் கதவுக்கு ஒத்தைக் கொண்டி பத்தாது. எங்க ஆளுங்க மூக்காலயே தட்டித் திறந்துருவாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போடணும்."

ஐந்தாவதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கூட்டமே எழுந்து கைதட்டியது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷத்துல வாய்விட்டு நாலு குறை சொல்ல இங்க ஒரு ஆள் இல்லாமப் போச்சு" என்றார் அம்மையப்பக் கரடி. "இன்னையிலிருந்து துரைக்கண்ணுதான் வாத்து வீட்டுச் செயலாளர். நாலு வேலையும் அவரே பார்ப்பார். சாயங்காலம் பூட்டுவார், காலையில் திறப்பார், கூட்டத்துல வந்து கணக்குச் சொல்வார்."

மயில் வழிமொழிந்தது. மாலையும் தயாராக இருந்தது.

செங்கமலம் குஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்றாள். "தலைவரே, அவர் நரிங்க!"

"குறை சொல்றியா அம்மணி? அப்ப நீயே செயலாளரா இருந்துக்க."

வாத்துக்குக் கை கிடையாது. வெளியில் இருக்கும் கொண்டியை உள்ளே இருந்து போடவும் முடியாது. செங்கமலம் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். துரைக்கண்ணு மாலைக்குள் சிரித்தார். இவ்வளவு பெரிய முட்டாள் கூட்டத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லை.

அன்று முழுவதும் அவர் கூரையோரம் ஏறிச் சாக்குகளைப் பிடுங்கினார், பழைய வேலியிலிருந்து கம்பிவலையைப் பல்லால் கிழித்து இழுத்து வந்தார், ஈரப் புல்லை வாரிக் கொட்டினார். சாயங்காலம் வாத்துகள் வரவில்லை. கோழி இருட்டினால் தானாக வீடு திரும்பும். வாத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை, ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஏரியை எத்தனை முறை சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. கடைசிக் குஞ்சை உள்ளே தள்ளியபோது அவருக்கு வாயைத் திறக்கக்கூடத் தெம்பு இல்லை. நாளைக்குச் சாப்பிடலாம் என்று இரண்டு கொண்டிகளையும் போட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது. செயலாளர் என்று ஒருவர் வந்துவிட்டதால் காட்டில் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. வாத்துச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றது மயில். என் புல்லை எடுத்துவிட்டீர்கள் என்றது எருமை. குஞ்சுக்குச் சளி கட்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள் செங்கமலம். துரைக்கண்ணு ஓடிக்கொண்டே இருந்தார். வழியில் அகப்பட்ட நண்டைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தார். குஞ்சுகள் கொழுத்தன.

மார்கழி முடியும் நேரம். ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்த்தார், ஆறுதான் இருந்தது. அவருக்குப் பகீர் என்றது. கோரைப்புல்லுக்குள் விழுந்தடித்துத் தேடினார். கடைக்குட்டி குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. கழுத்தோரம் கவ்வித் தூக்கினார். நாக்கில் வெதுவெதுப்பாக, கொழுகொழுவென்று இருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. இதற்காகத்தான் அவர் இந்தக் காட்டுக்கே வந்தார்.

பல்லை லேசாக அழுத்தினார். நாளைக் காலைக் கூட்டம் ஞாபகம் வந்தது. ஒன்று எங்கே என்று கேட்பார்கள். விசாரணைக் குழு போடுவார்கள். அதற்கும் தன்னையே செயலாளராகப் போடுவார்கள். துரைக்கண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குஞ்சைக் கொண்டுபோய்க் காய்ந்த புல்லில் வைத்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் செங்கமலம். "கதவு திறந்தே கெடக்குது. குளிர் உள்ள வருதுல்ல?"

"மன்னிச்சுருங்க அம்மணி" என்று சொல்லி மேல் கொண்டியைப் போட்டார், கீழ்க் கொண்டியைப் போட்டார்.

தை பிறந்தது. ஏழும் பார்த்தன. துரைக்கண்ணு கூட்டத்தில் எழுந்து, "எனக்கு உடம்பு முடியலைங்க, வேற ஆளைத் தேடணும்" என்றார்.

"நல்ல யோசனை" என்றார் தலைவர். "நீங்களே தேடிக் கொண்டாங்க."

இப்போது அவர் காடு காடாகப் போய், பார்க்கும் நரியிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். கொழுத்த வாத்துகள், பூட்டும் கதவும் உங்கள் கையில், காவலுக்கு ஒருவரும் இல்லை என்கிறார். ஒரு நரியும் நம்பவில்லை. எலும்பும் தோலுமாக நிற்கும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவ்வளவு வாத்து இருந்தா நீ ஏன்யா இப்படி இருக்கே?" என்று கேட்கின்றன.

நீதி: உங்களைத் தின்ன வருபவரை விரட்டாதீர்கள். மாலை போட்டுச் செயலாளர் ஆக்கிவிடுங்கள்.