எங்கள் கொலுவில் எழும்பிய இமயமலை

பயம் வந்துவிட்டால், படித்த படிப்பு நமக்கு முன்பே படியிறங்கி ஓடிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன். நான் கல்லூரியில் நிலவியல் படித்தவன். (பிறகு வங்கியில் சேர்ந்து, பூமியை நிம்மதியாக இருக்க விட்டேன்.)

மயிலாப்பூரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அந்த வருஷம்தான் முதல் கொலு. மறைந்த என் மாமியாரின் தசாவதார பொம்மைகள் என் மனைவி வசுவிடம் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் அவள் அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றியிருந்தது. அந்தத் துண்டுகளைக்கூட வசு உதறாமல் மடித்து வைத்தாள்.

படிகளுக்கு முன்னால் பார்க் அமைப்பது என் பொறுப்பு. மற்ற வீடுகளில் கடுகை முளைக்கவிட்டு பிளாஸ்டிக் மாட்டை மேயவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இமயமலையையே எழுப்புவதென்று முடிவு செய்தேன். கொலுப்படியை ஒட்டி ஒரு பலகை, அது ஆசியா. கொஞ்சம் தள்ளி இன்னொரு பலகை, அது இந்தியா. நடுவில் ஈரக் களிமண். இந்தியாவைக் கயிறு கட்டி இழுத்து ஆசியாவில் மோதவிட்டால், மண் மடிந்து மலையாக எழும்பும். நிஜ இந்தியா நகம் வளரும் வேகத்தில்தான் நகர்கிறது. சுண்டலுக்கு வருகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கயிற்றை இழுக்க, பழைய டேபிள் ஃபேன் மோட்டாரைப் படிக்கு அடியில், படியின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டினேன்.

"ஏன்னா, படியோட எதுக்குக் கட்டறேள்? அம்மா பொம்மைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"வசு, நான் இதைப் படிச்சவன்." (இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறையப் பட்டுப்புடவைகள். கீழ்வீட்டுப் பத்மா மாமி முன்வரிசையில் உட்கார்ந்து, "மலை எப்போடா வளரும், அம்பி?" என்றார்.

மோட்டாரைப் போட்டேன். இந்தியா நகர்ந்தது, மோதியது, இமயமலை எழும்பியது. கைதட்டல்! நான் அடக்கத்தோடு குனிந்து சுவிட்சை அணைத்தேன்.

நான் அணைத்தது சீரியல் விளக்குகளின் சுவிட்ச்.

மோட்டார் விடாமல் இழுத்தது. இனி நகர இடமில்லாத இந்தியா, கொலுப்படியையே உலுக்கியது. எனக்கோ மோட்டார் நின்றுவிட்டதாக நினைப்பு. விளக்குகள் அணைந்த அரையிருட்டில் பொம்மைகள் கடகடவென்று நடுங்கின. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை என்னைப் பார்த்து, "ஆமாம், அதேதான்" என்று தலையாட்டியது.

"பூகம்பம்! எல்லாரும் கீழே ஓடுங்கோ!"

சொன்னவன்தான் முதலில் ஓடினேன், கையில் சுண்டல் கிண்ணத்தோடு. வழியில் எல்லாக் கதவுகளையும் தட்டினேன். (கடமை தவறியவன் என்று யாரும் சொல்லக் கூடாது.) தெருவில் மொத்தக் குடியிருப்பும் கூடிவிட்டது.

வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, எதுனா ஷூட்டிங்கா?"

"பூகம்பம்பா!"

"இங்கியேதான குந்திகினு கீறேன்? ஒண்ணும் ஆடலியே!"

தூரத்து நடுக்கம் மாடியில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிவதுண்டு என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அறிவியல்படி அது சரிதான். அதற்குள் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து வசுவின் குரல்:

"ஏன்னா, மேல வாங்கோ. பூகம்பத்தோட பிளக்கைப் பிடுங்கியாச்சு."

தெரு சிரித்தது. பத்மா மாமி மட்டும் சிரிக்கவில்லை. "இரண்டாவது மாடியில என்னைத் தள்ளிண்டு போனியேடா!" என்றார்.

மேலே போனேன். என் பெண் ஜனனி இன்னும் இரண்டு கைகளாலும் படியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். வசு தரையில் உட்கார்ந்திருந்தாள். வராகர் தன் கோரைப்பற்களில் ஏந்தியிருந்த பூமி, அவள் மடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"அம்மா இதை மட்டும் எங்களைத் தொடவே விடமாட்டா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்போதும் ஒரு கேலி என் நாக்கில் தயாராக இருக்கும்; அன்றும் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்றிரவே பசை போட்டு ஒட்டினேன். பூமி மறுபடி ஒன்றானது. கடல்களையும் கண்டங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு மட்டும் தங்கிவிட்டது.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் யாராவது குனிந்து பார்த்து, "பூமிமேல என்னடி கோடு?" என்று கேட்பார்கள்.

"அதுவா மாமி? அப்பா ஓடின பாதை" என்பாள் ஜனனி.

வசு சிரிப்பாள். அதற்காகவே வராகரை, அந்தக் கோடு தெரியும்படி, நானே திருப்பி வைக்கிறேன்.