மாடியில் விழுந்த மூட்டை

லிஃப்ட்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று அவர் முடிவு செய்தார். சொல்வதற்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

மனைவி இருந்தாள். கீழே இருந்தாள். நடுவில் ஒரு மாடிப்படி, அதைவிடப் பெரிய ஒரு வீராப்பு.

லிஃப்ட்காரர் வாழ்நாள் பூராவும் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். சாத்திய கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தால் போதும், உள்ளே எந்த இடத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் சும்மா இருப்பாரா? மிக்ஸி ஏன் இரைகிறது, குழாய் ஏன் முனகுகிறது, அலமாரிக் கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று மனைவியின் பின்னாலேயே திரிந்தார். அவளுக்கோ மூச்சு விட நேரமில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின். விடுமுறை முடிவதற்குள் துணி அத்தனையும் சட்டையாக வேண்டும்.

"இந்த மெஷினை மட்டும் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று ஒருநாள் கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள். "போய் உடம்பை வளைச்சு எக்சர்சைஸ் ஏதாவது பண்ணுங்க."

அதோடு விட்டிருக்கலாம். அந்த எக்சர்சைஸும் ஒரு வாரம் தாண்டாது என்று சேர்த்துக்கொண்டாள். அதுவும் பக்கத்து வீட்டு டீச்சர் எதிரில். டீச்சர் லீவு நாளில் தையல் கற்றுக்கொள்ள வந்தவள். வந்த இடத்தில் சிரித்து வைத்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி வாசம் மாடி அறையில், தினமும் எக்சர்சைஸ், என்றைக்கு நிறுத்துகிறாரோ அன்றைக்குத் தோற்றேன் என்று தானே இறங்கி வருவார், அதுவரை பேச்சு வார்த்தை கிடையாது, முதலில் வாயைத் திறப்பவரும் தோற்றவரே. இப்படி ஒரு சபதம். மனைவி கையைப் பிடித்து நிறுத்துவாள் என்று படியில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறினார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே "சரி" என்றாள். அந்த "சரி"தான் அவரைத் தின்றது.

அதன்பிறகு வீட்டில் சத்தம் மட்டும்தான். காலையில் மேலே தொம் தொம் என்று அவர் குதிப்பார். கீழே கடகடவென்று மெஷின் ஓடும். அறை வாசலில் டிபன் கேரியர் வைக்கும் சத்தம் கேட்கும். அவர் எழுந்து கதவைத் திறப்பதற்குள் ஆள் இறங்கிப் போயிருப்பாள். எதிர்த்த வீட்டு மொட்டை மாடியில் துணி காயும், காய்ந்த பிறகு அதுவும் இருக்காது. பேச ஆளில்லாமல் ஒருநாள் கண்ணாடியைப் பார்த்து, "என்ன சார், சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். கண்ணாடியில் இருந்தவரும் அதையேதான் கேட்டார். பதில் சொல்ல ஒருத்தருமில்லை.

இந்த லட்சணத்தில்தான் காய்ச்சல் வந்தது. அவருக்குக் காய்ச்சல் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. அவள் வருவாள். புறங்கையை நெற்றியில் வைப்பாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்ப்பு ஏறிவிட்டதால் புறங்கைதான். "சுடுது" என்பாள். பாதி காய்ச்சல் அப்போதே இறங்கிவிடும். இப்போது அந்தக் கை கீழே இருந்தது.

குதிக்காவிட்டால் மானம் போகும். குதித்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று நினைத்து அவள் வரவே மாட்டாள். இரண்டில் எது என்று யோசித்தார். மானம் ஜெயித்தது. எழுந்து குதித்தார். அறை சுற்றியது. கட்டிலைப் பிடிக்கப் போய்த் தரையைப் பிடித்தார்.

கீழே மெஷின் நின்றது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வருவாள். இதோ வருவாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. குதிக்கிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் கூடவா இவளுக்கு வித்தியாசம் தெரியாது? எழுந்து உட்கார்ந்து அவளை வாயாரத் திட்டினார். திட்டி முடித்ததும் அழுகையாக வந்தது. யாருக்காக அழுகிறோம் என்று யோசித்தார், தனக்காகத்தான்.

ஆனாலும் தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர்தான். ஃபேன் மாட்டாத கொக்கி ஒன்று கூரையில் இருந்தது. மூலையில் கிடந்த பழைய கிணற்றுக் கப்பியை அதில் மாட்டினார். கயிற்றின் ஒரு முனையில் பழைய துணி மூட்டை, மறு முனையில் எதிர்ப்பாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர். லிஃப்ட் ஏறி இறங்கும் அதே கணக்கு. படுத்தபடியே சுண்டுவிரலால் இழுத்து விட்டால் மூட்டை ஏறும், தொம் என்று இறங்கும். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே தினமும் எக்சர்சைஸ் செய்தார். மூட்டைக்கு நல்ல பயிற்சி.

அவர் விழுந்த அன்றைக்கே கேரியரில் வெறும் கஞ்சி வந்தது. கூடவே ஃபிளாஸ்க்கில் வெந்நீர். பார்த்தாயா, எனக்குச் சமைக்கக்கூட இவளுக்கு அலுத்துவிட்டது என்று கேரியரிடமே முறையிட்டார். கஞ்சி வேறு கசந்தது. அடி பிடிக்க விட்டிருப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

மெஷின் மட்டும் ஓய்வதாக இல்லை. முன்பெல்லாம் நடுவில் நிற்கும், பேச்சுக் குரல் கேட்கும். இப்போது காலை முதல் அந்தி வரை ஓட்டம்தான். அந்த ஓட்டமும் சரியில்லை. நாலு மிதி ஓடுகிறது, தடுக்குகிறது, பின்னால் சுற்றுகிறது, நூல் சிக்கி நிற்கிறது. லிஃப்ட்காரர் தலையணையிலிருந்து காதைத் தூக்கினார். பெல்ட் தளர்ந்திருக்கிறது. மிதிகட்டையில் எண்ணெய் வறண்டிருக்கிறது. சந்தேகமே இல்லை. இப்படியே ஓட்டினால் இரும்பு தேய்ந்துவிடும். மனிதன் செத்தாலும் கவலையில்லை, மெஷினையாவது பார்க்கக் கூடாதா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, இருந்த சக்தியை எல்லாம் திரட்டி, கீழே கேட்கும்படி கத்தினார்.

"ஏய், மெஷினுக்கு எண்ணெய் போடு! காது கேக்கலையா உனக்கு?"

"எதுக்குக் கத்தறீங்க? இங்கதான இருக்கேன்."

குரல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்தார். மேல்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய சீருடைகள். கையில் ஊசி. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஃபிளாஸ்க், குட்டித் தலையணை. கீழே மெஷின் கடகடவென்று தடுக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இங்க இருக்க. அப்போ கீழ யாரு?"

"டீச்சர். பழகிக்கிட்டு இருக்கா. அவளுக்கு இன்னும் மிதிக்கக் கால் வரல."

எழுந்தாள். புறங்கையை நெற்றியில் வைத்தாள். "பரவால்ல, இன்னைக்குக் குறைஞ்சிருக்கு" என்றாள். இன்னைக்கு என்றால்? அப்படியானால் முன்பே தெரியுமா? விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்ததையும், ஜன்னல் இடுக்கில் பார்த்தால் இவர் நடுங்கியபடி உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்ததையும், காய்ச்சல்தான் என்று புரிந்தாலும் திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்று நிம்மதியாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டதையும் அவள் பொத்தான் நூலைக் கடித்தபடி சொன்னாள். கஞ்சியின் கசப்பு மாத்திரைப் பொடியாம்.

"அப்போ மூட்டை விஷயமும் தெரியுமா?"

"குதிக்கிறப்போ நீங்க ஒவ்வொரு தடவையும் அப்பாடான்னு சொல்வீங்க. மூட்டை வாயத் திறக்கல."

அவர் திரும்பிக் கயிற்றில் தொங்கிய மூட்டையை முறைத்தார். பிறகு கேட்டார்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் உள்ள வரல?"

"கூப்பிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கீழ எனக்கு மட்டும் என்ன, ஊரே கூடி இருந்துதா?"

அவர் அவளுடைய காய்ப்பேறிய கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. பிடித்தபடியே இரண்டு படி இறங்கியதும் சபதம் ஞாபகம் வந்தது. முதலில் பேசியது அவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எக்சர்சைஸைத் தான் நிறுத்தவில்லை, காய்ச்சல் விட்டதும் செய்து காட்டப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"தாராளமாப் பண்ணுங்க" என்றாள் அவள். "திங்கக்கிழமை டீச்சருக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, மெஷினை மிதிக்க எனக்கும் ஆள் வேணும்."