நாற்பதடிக்கு இருபதடி ஆதரவு

உலக ஜனநாயகத்தின் வரலாற்றை எழுதப் புகுகிறவர் எவரும், பிரிஞ்சாங் என்ற மலைப் பட்டணத்தில் ஒரு முட்டைக்கோஸ் மொத்த வியாபாரக் கடையின் மாடியில் நடந்த அந்தச் செயற்குழுக் கூட்டத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. அப்படி எழுதினால் அந்த நூலை ஹரிதாஸ் வரலாறாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஹரிதாஸ், மலைச்சாரல் மக்கள் முழக்கம் என்ற அரசியல் கட்சியின் பொதுச்செயலாளர். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அடைமொழி இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கட்சியின் பெயரைச் சுருக்கி ம.ம.மு. என்பார்கள். எதிரிகள் அதை 'மம்மு' என்று சேர்த்து வாசித்து, குழந்தை சோறு கேட்கிறது என்று சிரிப்பார்கள். இத்தகைய மலிவான விமர்சனங்களுக்குக் கட்சி பதில் சொல்வதில்லை. பதினொரு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு எத்தனைக்குத்தான் பதில் சொல்வது?

ம.ம.மு. எந்தத் தேர்தலிலும் போட்டியிட்டதில்லை. போட்டியெல்லாம் பதவி ஆசை பிடித்தவர்களின் வேலை என்பது தலைவர் குகனேஸ்வரனின் கருத்து. முட்டைக்கோஸ் கடையும் அதன் மாடியும் நான்கு லாரிகளும் அவருடையவை என்பதால், கட்சியில் வேறு கருத்துகள் எழுந்ததில்லை. ம.ம.மு. ஆதரவு மட்டுமே வழங்கும். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆதரவு! கடந்த நான்கு தேர்தல்களில் கட்சி ஆதரித்த வேட்பாளர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் மார்தட்ட முடியாத இந்தச் சாதனையின் இரகசியம் எளிமையானது. வாக்கு எண்ணி முடிவு அறிவித்த மறுநாள் காலையில்தான் ஹரிதாஸ் ஆதரவு அறிக்கையை வெளியிடுவார்.

இடைத்தேர்தல் வந்தபோதுதான் சோதனையும் வந்தது. ரிங்லெட்டில் ஒரு கல்யாண விருந்தில், "எம் பின்னாடி ரெண்டாயிரம் ஓட்டு இருக்கு" என்று குகனேஸ்வரன் சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் பின்னால் இருந்தது பாயசம் வைத்த மேசை. ஆனாலும் பேச்சு மலை முழுவதும் பரவி, மூன்று வேட்பாளர்களும் ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், அரசு கொடுத்த டத்தோ பட்டத்தாலேயே அறியப்பட்டவர். ஒருவர் வசந்தன் என்ற வக்கீல். மூன்றாமவர் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருந்த சுயேச்சை. மூவருக்கும் ஆதரவு முன்கூட்டியே வேண்டுமாம். கட்சியின் பாரம்பரியத்தையே அறியாதவர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செயற்குழு கூடியது. ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறாவது ஆள் திலகம், மகளிர் பிரிவுத் தலைவி. மகளிர் பிரிவின் மொத்த உறுப்பினரும் அவரேதான். தோட்டத்து மூணாம் டிவிசனில் மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர். அங்கேயே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறவர். வழக்கமாகக் கூட்டங்களில் அவர் தேநீர் ஊற்றுவார். அன்றைக்குத் தேநீர்க் கூஜாவைத் தொடாமல் எழுந்து நின்றார்.

"தலைவரே, மொதல்ல என் விசயத்தப் பேசிரலாமா? எங்க லயத்துக்கு மேல இருக்கற மேடு வெடிச்சிருக்கு. போன மாசம் வெடிப்புக்குள்ள வெரலுதான் போச்சு. இப்ப முழங்கை வரைக்கும் உள்ள போவுது. கீழ ஒம்போது வீடு இருக்கு. மழ மாசம் வேற வந்துருச்சு."

ஹரிதாஸ் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "இது 'இதர விசயங்கள்'ல வருதும்மா. பதினாலாவது அங்கம்."

"இப்ப எத்தனாவதுல இருக்கோம்?"

"ரெண்டாவது. மௌன அஞ்சலி."

"ஐயய்யோ, யாரு செத்துட்டா?"

"யாரும் இல்ல. வழக்கம்."

கட்சி தொடங்கிய நாள்முதல் எந்தக் கூட்டமும் ஒன்பதாவது அங்கத்தைத் தாண்டியதில்லை. ஒன்பதாவது அங்கம் மதிய உணவு.

திலகம் சும்மா வரவில்லை. முதலில் தோட்ட நிர்வாகத்திடம்தான் போனார். மேடு அரசாங்க நிலத்தில் இருக்கிறது என்றார்கள். அரசாங்க ஆபீசுக்குப் போனார். மேடு தோட்டத்து நிலத்தில் இருக்கிறது என்றார்கள். மேட்டை இருவரும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க, மேடு தன்பாட்டுக்கு லயத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"கொள்கை அடிப்படையிலதான் வேட்பாளரத் தேர்வு செய்யணும்" என்று குகனேஸ்வரன் விவாதத்தைத் தொடங்கி வைத்தார். "நம்ம கொள்கை என்னா, ஹரி?"

ஹரிதாஸ் கோப்பைப் புரட்டினார். இரண்டுமுறை புரட்டினார். "கொள்கை எழுதின தாளோட பின்பக்கத்துலதான் தலைவரே, கட்சிச் சின்னம் வரைஞ்சிருந்துச்சு. ரப்பர் முத்திரை செய்யக் கடையில குடுத்தோம். திரும்பி வரல."

"பரவால்லலா. முத்திர நல்லா வந்துச்சுதானே?"

"யாரு அந்த மேட்டுக்குத் தடுப்புச் செவுரு கட்டித் தர்றாங்களோ அவங்களுக்கே ஆதரவு குடுத்துருவோம்" என்றார் திலகம்.

"திலகம், அது லோக்கல் விசயம்லா. நாம மாநில அளவுல யோசிக்கணும்."

"மண்ணு லோக்கலாத்தானே விழும், தலைவரே?"

'மகளிர் பிரிவுத் தலைவி மண்ணியல் குறித்துச் சீரிய கருத்துரைத்தார்' என்று ஹரிதாஸ் கூட்டக் குறிப்பில் எழுதினார். 'சீரிய' என்ற சொல்லைச் சேர்த்ததில் அவருக்கு ஒரு நிறைவு. ஒரு பெண்மணிக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாகிவிட்டது.

அப்போது குகனேஸ்வரன், டத்தோவின் ஆள் கொடுத்துவிட்டுப் போன பேனர் மாதிரியை எடுத்து மேசைமேல் விரித்தார். டத்தோ அதில் பௌர்ணமி நிலவாகச் சிரித்தார். கீழே ஒரு மூலையில், தபால்தலை அளவில், குகனேஸ்வரன். செயற்குழு ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, படம் தத்ரூபமாக இருப்பதாகச் சொன்னது. திலகத்தின் கைக்கு வந்தபோது அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக்கா?"

"ஆமாலா. பெரிய பேனரும் இதேலதான் அடிப்பாங்க."

"மழ தாங்குமா?"

"அஞ்சு வருசம் தாங்கும்னான்."

திலகம் மாதிரியைத் தலைவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு கேட்டார்: "அப்பறம் ஏன் தலைவரே, ஒங்க மூஞ்சிய கொய்யாக்கொட்ட அளவுக்குப் போட்டிருக்கான்? தாப்பாவுலருந்து பஸ்ல ஏறி வர்றவங்களுக்கு ஒங்களத் தெரிய வேணாமா?"

குகனேஸ்வரனின் முகம் வாடியது. பதினொரு பேரின் தலைவரிடம் இதுவரை யாரும் இப்படி அக்கறையாகப் பேசியதில்லை. "எவ்ளோ பெருசு போடணும்ங்கற?"

"நாப்பதடிக்கு இருபதடி. நல்ல தடிச்ச பிளாஸ்டிக். ஓரமெல்லாம் இரும்பு வளையம் அடிச்சிருக்கணும். எங்க மேட்டுல கட்டினா மெயின் ரோட்டுலருந்தே தெரியும்."

"யாரு பேனருல?"

"ஒருத்தரு பேனரு மட்டும் போதுமா? மூணு பேரு பேனருலயும் நீங்க இருந்தா, யாரு ஜெயிச்சாலும் நீங்கதானே ஜெயிச்சீங்க?"

ஹரிதாசுக்குப் பெருமையும் பொறாமையும் ஒன்றாக எழுந்தன. இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே! தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று மாலையே ஹரிதாஸ், பேனரின் அளவையும் கட்ட வேண்டிய இடத்தையும் குறிப்பிட்டு மூன்று கடிதங்கள் எழுதினார். டத்தோவுக்கு 'முழுமையான' ஆதரவு. வசந்தனுக்கு 'நிபந்தனையற்ற' ஆதரவு. சுயேச்சைக்கு 'மனப்பூர்வமான' ஆதரவு. மூன்றும் வெவ்வேறு ஆதரவு என்பதால், ஏமாற்றப்பட்டதாக யாரும் சொல்ல இடமில்லை.

ஒரே வாரத்தில் மூன்று பேனர்களும் மேட்டில் ஏறின. மூன்றிலும் குகனேஸ்வரன், ஆளுயரத்துக்குமேல், ஒரே சட்டையில். மறுநாள் மூன்று வேட்பாளர்களின் ஆட்களும் ஒரே நேரத்தில் முட்டைக்கோஸ் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"என்னாலா இது? எங்களுக்குத்தான் ஆதரவுன்னு லெட்டர் குடுத்தீங்க?"

"நாங்க வேட்பாளர ஆதரிக்கலப்பா" என்றார் குகனேஸ்வரன் அமைதியாக. "தேர்தலயே ஆதரிக்கிறோம்."

பேனரைக் கழற்றவும் அவர்களால் முடியவில்லை. தன்னுடையதைக் கழற்றினால் மற்றவனுடையது மட்டும் நிற்குமே!

வக்கீல் வசந்தன் வென்றார். 'எமது நிபந்தனையற்ற ஆதரவு பெற்ற வேட்பாளர் மகத்தான வெற்றி' என்று ஹரிதாஸ் அறிக்கை விட்டார். எமது ஆதரவு பெற்ற மற்ற இருவர் தோற்றதை இடமின்மை காரணமாக விட்டுவிட்டார்.

தேர்தல் முடிந்தால் பேனர்களை இறக்கிவிட வேண்டும் என்று தேர்தல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. குகனேஸ்வரன் போன் செய்தார். "ஹரி, மூணையும் மடிச்சு எடுத்துட்டு வந்துரு. கட்சி ஆண்டு விழாவுக்கு மேடையில கட்டணும்."

ஹரிதாஸ் ஒரு பழைய லேண்ட்ரோவரில் தொற்றிக்கொண்டு மூணாம் டிவிசனுக்கு ஏறினார். மதியம் இரண்டு மணி. மழை தொடங்கிவிட்டது. மேட்டில் மூங்கில்கள் மட்டும் நின்றன, பேனர்களைக் காணோம். குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தபோதுதான் பார்த்தார்.

பேனர்கள் மண்ணோடு ஒட்டி விரிந்து கிடந்தன. கூரைத் தகரம் வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஓரம் ஏற்றி, வளையங்களில் கயிறு கோத்து முளையடித்து, மேலே மண் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மேலே டத்தோ, நடுவில் சுயேச்சை, கீழே வசந்தன். மூன்று குகனேஸ்வரன்களும் மல்லாந்து படுத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லயத்துப் பெண்கள் கடைசி ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிராணியாரே, சும்மா நிக்காம அந்த மூலையப் புடிங்க" என்று கத்தினார் திலகம்.

ஹரிதாஸ் குடையைப் போட்டுவிட்டுப் பிடித்தார். பிளாஸ்டிக்கின் அடியில் வெடிப்பு தெரிந்தது. ஏதோ ஒரு உந்துதலில் குனிந்து கையை உள்ளே விட்டார். முழங்கை போயிற்று. தோள்வரை போயிற்று. விரல் நுனிக்கு எதுவும் தட்டுப்படவில்லை. சில்லென்ற காற்று மட்டும் இருந்தது. தலையைத் திருப்பினால் நேர் கீழே ஒரு வீட்டின் சமையல்கட்டுப் புகை. யாரோ ரசம் தாளிக்கிறார்கள். இதைத்தான் 'சீரிய கருத்து' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனோம் என்பது அவர் நெஞ்சில் குத்தியது.

"பேனரு இதுக்குத்தான்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா குடுத்துருப்பீங்களா?"

ஹரிதாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டார். இருட்டும்வரை மண் மூட்டை தூக்கினார். தலைவருக்கு, 'பேனர்கள் பயன்பாட்டில் உள்ளன' என்று செய்தி அனுப்பினார்.

மழை நான்கு நாள் விடவில்லை. கோலா தெர்லா பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்து காய்கறி லாரிகள் நின்றன. அவற்றில் இரண்டு குகனேஸ்வரனுடையவை. மூணாம் டிவிசன் மேடு நின்றது. ஒன்பது வீடுகளிலும் அடுப்பு எரிந்தது.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. வெயிலோடு, வென்றதும் 'ஒய்.பி.' என்ற மாண்புமிகு அடைமொழி சேர்ந்துவிட்ட வசந்தனும் குகனேஸ்வரனும் நன்றி சொல்ல வந்தார்கள். ஒய்.பி. மேட்டைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"அருமை! மக்களே சொந்தமா செஞ்சிட்டாங்க. அப்ப இனிமே செவுரு தேவையில்லதானே?"

திலகம் ஒய்.பி.யையே பார்த்தார்.

குகனேஸ்வரனின் கவலை வேறு. "நடுவுல மட்டும் என்னை ஏன் தலகீழாப் போட்டிருக்க?"

"அதுல ஒங்க தலப்பக்கம் ஓட்டையா இருந்துச்சு தலைவரே. அதக் கீழ விட்டாத்தான் தண்ணி உள்ள எறங்காது."

விளக்கம் தலைவருக்குத் திருப்தியாக இருந்தது. "ஹரி, கட்சி சார்புல ஒரு பாராட்டுத் தீர்மானம் எழுதி பேப்பருக்கு அனுப்பு. மேட்டக் காப்பாத்துனது நம்ம கட்சிதானே?"

ஹரிதாஸ் லயத்துப் படியில் உட்கார்ந்து தாளை முழங்கால்மேல் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஓர் அடைமொழிகூட வரவில்லை. அருகில் வந்து நின்ற திலகத்திடம், "என்னாம்மா எழுதட்டும்?" என்று மெல்லக் கேட்டார். திலகம் ஒரே ஒரு வரி சொன்னார். ஹரிதாஸ் அதை எழுத்துத் தமிழில் போட்டார். குகனேஸ்வரன் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ஹரிதாஸ் எழுதிய எதையும் அவர் இதுவரை படித்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது தமிழ் நாளிதழில் வந்தது. திங்கட்கிழமை ஒய்.பி.யின் ஆபீசிலிருந்து ஹரிதாசுக்கு மூன்று போன். வியாழக்கிழமை நான்கு பேர் அளவு நாடாவும் சிவப்புச் சாயம் பூசிய முளைகளுமாக மேட்டில் ஏறினார்கள். மாதக் கடைசியில் சுவருக்குக் கல் வந்து இறங்கியது.

குகனேஸ்வரன் பூரித்துப் போனார். "நம்ம தீர்மானத்துக்கு இவ்ளோ பவரா, ஹரி!"

மூணாம் டிவிசன் திடலில் விழா எடுத்தார். ஒய்.பி.க்கு மாலை, தலைவருக்கு மாலை. லயமே திரண்டிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, சுவர் கொண்டுவந்த அந்தத் தீர்மானத்தைத் தாமே வாசிக்கப் போவதாக அறிவித்தார்.

"வேணாம் தலைவரே" என்றார் ஹரிதாஸ். தாளுக்குக் கை நீட்டினார். "நான் வாசிக்கிறேன்."

"சும்மா இருலா. ஒரே வரிதானே."

குகனேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கட்சி வரலாற்றிலேயே முதல்முறையாகத் தன் கட்சியின் தீர்மானத்தைப் படித்தார். பாதியிலேயே அவர் குரல் தடுமாறியது. ஆனால் எடுத்த வாக்கியத்தை மேடையில் முடிக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. கணீரென்று முடித்தே விட்டார்:

"மூணாம் டிவிசனின் ஒன்பது குடும்பங்களுக்காக இதுநாள்வரை மழையில் நனைந்தவை, எங்கள் தலைவரின் படமும் மாண்புமிகு வசந்தன் அவர்களின் படமுமே; அவர்கள் இருவரும் இன்னும் நனையவில்லை என்பதை இச்செயற்குழு பெருமையுடன் பதிவு செய்கிறது."