ஐயாயிரம் சுற்றுக்கு மேல் ஒரு தும்மல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நானும் அத்தானும் நலம், தனித்தனியாக நலம். அங்கே நீயும், உன்னோடு பயிற்சிக்கு வந்த நர்சுகளில் யாரையாவது அதட்டிக்கொண்டு ஆரோக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே புறப்பட்டு வந்து உன் வீட்டுக்காரருக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று சாக்குச் சொல்லாதே. இங்கே ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் அந்தக் காரால்தான். நானும் அத்தானும் ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி உயிர் கொடுத்த, இரட்டைக் கார்புரேட்டர் வைத்த அந்த இரண்டு கதவுக் கார். நீ கிளம்பிப் போன மறுநாளிலிருந்து அதற்கு ஒரு வியாதி. மெதுவாக ஓட்டினால் பரம சாது. நன்றாக மிதித்து எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டியதோ இல்லையோ, படபடவென்று தும்மி, இழுவை போய், நடுரோட்டில் நொண்டி, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுகிற அளவுக்கு மானம் போகிறது. வரும் ஞாயிறன்று பழைய கார் சங்கத்தின் மலைப்பாதை ஓட்டம் இருக்கிறது. அதற்குள் சரியாகாவிட்டால், ரொம்ப நாளாக விலைக்குக் கேட்கும் பல் டாக்டருக்குக் காரை விற்றுவிடுவதாக அத்தான் அறிவித்துவிட்டார். பல் டாக்டர் அதை ஓட்டக்கூட மாட்டார், அக்கா. கிளினிக் வாசலில் அழகுக்கு நிறுத்துவார். நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது.

ஆரம்பத்தில் நாங்கள் ஒற்றுமையாகத்தான் மெக்கானிக்கிடம் போனோம். அவர் கையில் வேலை நிறைய இருப்பதாகச் சொல்லி, ஒரே ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "கண்டதையும் சேர்த்து நோண்டாதீங்க சார். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, நோட்டுல எழுதுங்க. அப்புறம் அடுத்தது." நல்ல யோசனை. மருந்துக் கடைக்காரனான எனக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. திரும்பும் வழியிலேயே ஒரு நோட்டு வாங்கினேன். அத்தானும் அதே கடையில் ஒரு நோட்டு வாங்கினார். ஆபீசுக்கு என்று நினைத்தேன்.

என் கட்சி, கலவைக் கோளாறு. பெட்ரோலும் காற்றும் அளவு பிசகினால் எஞ்சின் எப்படி ஓடும்? ஆகவே தினமும் காலையில் கடை திறக்கும் முன் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகான ஜெட்டை மாற்றுவேன், பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பைபாஸ் வரை விரட்டிப் பார்ப்பேன். தும்மலே இருக்காது! "குணம்" என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் கடைக்குப் போவேன். ஆனால் மறுநாள் காலையில் எடுத்தால் பழையபடி தும்மல். பெரிய ஜெட், அதைவிடப் பெரிய ஜெட், மிதவையை ஏற்றி, மிதவையை இறக்கி, இப்படியே நோட்டில் இருபத்தோரு "குணம்" சேர்ந்துவிட்டது. கார் மட்டும் குணமாகவில்லை.

போன வியாழக்கிழமை பின்சீட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டு கிடைத்தது. உன் வீட்டுக்காரர் கையெழுத்து. மின்வாரியத்தில் இருக்கிறவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறும் கரண்ட் கோளாறுதானே! சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பிளக்கை மாற்றியிருக்கிறார், காயிலை மாற்றியிருக்கிறார், தீப்பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளியிருக்கிறார், பின்னே இழுத்திருக்கிறார். அவரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்து, அவர் பங்குக்குப் பத்தொன்பது இடத்தில் "வெற்றி" என்று எழுதியிருக்கிறார். அதற்கு எதிரே சிவப்பு மையில், "காலையில் யாரோ கெடுத்துவிட்டான்." யாரோ என்றால் யார், அக்கா? வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

"அத்தான், நான் சரி பண்றதை எல்லாம் நீங்கதான் கெடுக்கிறீங்களா?" என்றுதான் மரியாதையாகக் கேட்டேன்.

"சரி பண்றியா? நீ இருமல் மருந்து கலக்குற மாதிரி எஞ்சினைக் கலக்கி வெச்சிருக்கடா!" என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்பதையும் கற்றுக்கொண்டோம். நீ காபித்தூள் டப்பா மூடிக்கு அடியில் உன் வழக்கப்படி பாலித்தீன் தாளை மடித்து இறுக்கிவிட்டுப் போயிருக்கிறாய். ஒருவர் டப்பாவையும் ஒருவர் மூடியையும் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். அதற்குப் பேச வேண்டுமே. ஆகவே வெந்நீர் குடிக்கிறோம். ஷெட்டிலிருந்து உன் ஜன்னலுக்குப் பெட்ரோல் நாற்றம் வருகிறதென்று நீ போடும் சண்டைகூட இப்போது இனிமையாகத் தோன்றுகிறது. கார் போனால்கூடப் பரவாயில்லை. ஷெட்டில் "டேய், பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்று அதட்ட ஆளில்லாமல் என்னவோ போல் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடாதே. தவறு அவர் மேல்தான் என்று மட்டும் வந்து சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அதட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொள். நீ வரும் வழியையே பார்த்திருக்கும்,

உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடு. இன்று பங்க்கில் பெட்ரோல் போடுகிற அம்மா கேட்டார்: "சார், டேங்க் மூடிக்கு அடியில எதுக்கு பாலித்தீன் கவர்? தொறக்கும்போதெல்லாம் புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுக்குது. நீங்க ஆசையா வெச்சதுன்னு நெனச்சு தெனம் ரெண்டு வேளையும் மறுபடி மடிச்சு வெக்கிறேன்." அந்த மடிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா, அக்கா? நாற்றத்தை அடக்குகிறேன் என்று, மூடியில் காற்றுப் போக இருக்கும் துளையை நீ அடைத்துவிட்டாய். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று நுழைய வழியில்லை. வேகமாக ஓட்டினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படி வரும்? மூடியைத் திறந்து மூடினால் நாலு மைலுக்குச் சரியாக இருக்கும். அதைத்தான் நாங்கள் நாற்பது தடவை குணமென்றும் வெற்றியென்றும் எழுதிவைத்திருக்கிறோம்.

ஓடிப்போய் அத்தானிடம் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து உன்னை ஒரு மணி நேரம் திட்டினோம். இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. காபித்தூள் டப்பாவும் திறந்தாயிற்று.

தாளை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். ஐயாயிரத்துக்கு மேல் தும்மலே இல்லை, பட்டாக ஓடுகிறது. பிறகு நாங்கள் மாற்றிய நாற்பதையும் பழையபடி வைக்கப் போனோம். எது எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டு நோட்டையும் சேர்த்துப் படித்தும் தெரியாததால், இப்போது ஐயாயிரத்துக்குக் கீழேதான் ஓட மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை புறப்படும் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க அத்தான், தள்ள நான். இன்னும் ஒரு ஆள் வேண்டும். சனிக்கிழமைக்குள் வந்துவிடு.