வெள்ளச்சி திரும்பி வந்தாளா?

இந்த முறை தன் பெயர் கள்ளக்குறிச்சி முழுக்கக் கேட்டே தீர வேண்டும் என்று விதைக்கடை அன்புச்செல்வன் முடிவு கட்டினார். அவருடைய முதல் நாவலை வாங்கியவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் மாமியார் வீட்டு உறவு. இரண்டாவதும் இப்படியே போனால் மூன்றாவதைக் கடை பில் புக்கின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள் என்று பதிப்பாளர் வெற்றிவேல் சொல்லிவிட்டார். புத்தகத் திருவிழாவுக்கு நான்கு நாள்தான். அதற்குள் நாவலுக்கு ஒரு நிமிஷ ட்ரெய்லர் வேண்டும் என்றார்.

அன்புச்செல்வன் சால்வையோடு கல்வராயன் மலை ஏறினார். செல்போனைப் பிடிக்க மனைவி நர்மதா. அருவி முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார். திரும்பாமல் பார்த்தார். பாறையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷப் படத்தில் புத்தகம் நான்கு நொடி வந்தது. அதுவும் தலைகீழாக.

வெற்றிவேல் பார்த்தார். சால்வை விளம்பரம் பிரமாதம், நாவலுக்கு எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அன்புச்செல்வன் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. நர்மதா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க நாவல்ல அந்த வெள்ளச்சி வெள்ளிமலைச் சந்தைக்குக் கடுக்கா மூட்டையோட போனாளே. திரும்பி வந்தாளா, இல்லியா?"

"படிச்சுப் பாரு."

"ரெண்டு அத்தியாயம் படிச்சேன், பால் பொங்கிடிச்சி. புருசன் தேடிக்கினு போனானே, அப்புறம் இன்னா ஆச்சி?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"செருப்பு ஒத்தையா ஓடைல கெடந்திச்சே. அப்ப செத்துட்டாதானே?"

"எவன் சொன்னான்? அது அவ செருப்பே இல்ல."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப யாரு செருப்பு?"

"வாங்கிப் படி நர்மதா. ஆளை வுடு."

ஊறுகாய் ஜாடிமேல் செல்போன் சாய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பேச்சு மொத்தமும் வெற்றிவேலின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நர்மதாவின் முகம் மட்டும்: "பாத்தீங்களா? இருவத்திரெண்டு வருசமா சோறு போடுறேன், எங்க வூட்டுக்காரரு எனக்கே சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்களாவது வாங்கிப் படிச்சிட்டு, அது யாரு செருப்புன்னு எனக்குச் சொல்லுங்க."

அன்புச்செல்வன் நான்கு தடவை பார்த்தார். சோறு இருந்தது. ஊறுகாய் இருந்தது.

"என் பேரு எங்க?"

"புருசன் பேர வாயால சொல்லலாமாங்க?"

"போன வாரம் கேஸ் ஆபீஸ்ல மூணு வாட்டி சொன்னியே."

"அது சிலிண்டருக்கு."

திருவிழா அன்று காலையிலேயே வெற்றிவேலின் புத்தகக் கடை முன்னால் கூட்டம். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள். செருப்பு வெள்ளச்சியின் தங்கச்சியுடையது என்று ஒரு கட்சி, இல்லை, போலீஸ்காரர் பெண்டாட்டியுடையது என்று மறு கட்சி. மத்தியானத்துக்குள் நாவல் கட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. மூன்றாவது நாவலை எப்போது தருவீர்கள் என்று வெற்றிவேல் நாற்காலி இழுத்துப் போட்டார். அன்புச்செல்வனுக்கு உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெண் நீட்டிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதப் போனார்.

அவள் குனிந்து சொன்னாள்: "நர்மதாக்கா வூட்டுக்காரர்னு எழுதுங்க சார். வெறும் பேரு போட்டா, எங்க ஊர்ல யாருன்னு கேப்பாங்க."