கடைவாய்ப் பல்லின் வாக்குமூலம்

தலைமையாசிரியையின் கடைவாய்ப் பல் பேச ஆரம்பித்தபோது திங்கட்கிழமை காலை மணி பத்தரை.

"இந்தம்மா என்னைத் தேய்க்கிறதே இல்ல டாக்டர்" என்றது அது, கீச்சுக் குரலில். "முன்னாடி நிக்கிற நாலு பேரை மட்டும் பளபளன்னு வெச்சுக்கிறாங்க. நாங்க கடைசி பெஞ்சு. எங்களை யாரு கேக்கிறா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த தலைமையாசிரியையின் கண்கள் தலைக்கு மேலிருந்த விளக்கு அளவுக்கு விரிந்தன. வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்த முதல் ஒரு நிமிஷம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பல் டாக்டருக்கு முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டியது. மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது தொண்டை வழியாக நழுவிவிட்டது.

உதடு அசையாமல் பேசி, குரலை வேறு எங்கிருந்தோ வருகிற மாதிரி காட்டும் வித்தை அவருக்குத் தெரியும். பதினாலு வயதில் ஒரு பொருட்காட்சியில் ஒருவர் பொம்மையோடு சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். அன்றிலிருந்து இருபத்துநாலு வருஷமாகக் குளியலறையில் சோப்புப் பெட்டியைப் பேச வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோதே ஆஸ்பத்திரி வாசலில் 'மூன்று தலைமுறைப் பல் மருத்துவம்' என்று புதுப் பலகை எழுதி மாட்டிவிட்டார் அப்பா. தாத்தா ஒன்று, அப்பா இரண்டு. மூன்றாவது யார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பெயிண்ட் காய்ந்துவிட்டது.

இப்போது சிறுவர் அரங்கில் மாயக்குரல் கலைஞர் ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தேர்வு. விண்ணப்பம் போட்டது மனைவிக்கு மட்டும் தெரியும். பயிற்சிக்கு நேரம் இல்லாததால், முகக்கவசத்துக்குள்ளேயே சத்தம் வராமல் பயிற்சி செய்துகொண்டிருந்தார். இன்றைக்குச் சத்தம் வந்துவிட்டது.

குழாயை எடுத்ததும் தலைமையாசிரியை எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பப் பேசினது யாரு?"

"காத்தும்மா" என்றார் டாக்டர். "சொத்தை ஓட்டைக்குள்ள காத்து புகுந்தா இப்படித்தான் ஒரு சத்தம் வரும்."

"நான் தேய்க்கிறதில்லைன்னு காத்துக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் மருந்தைக் குழைக்க ஆரம்பித்தார். "இருங்க, அடைச்சுடறேன். அப்புறம் சத்தமே வராது" என்று அவசரமாகச் சொத்தையை அடைத்து அனுப்பினார்.

பெரிய தப்பு அதுதான். அடைத்தபிறகு பல் பேசவில்லை. ஆகவே அடைப்பதற்கு முன்னால் பேசியது பல்தான் என்று தலைமையாசிரியை முடிவுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை வகுப்புகள் தொடங்குவதற்கு முன் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "கடைவாய்ப் பற்களுக்கும் மனசு உண்டு" என்று பேசினார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது.

"எல்லாருக்கும் பல் வலியா நர்ஸம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

முன்னறையில் டோக்கன் கொடுக்கும் நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருத்தருக்கும் இல்ல டாக்டர். எல்லாருக்கும் ஆசை."

முதலில் வந்தவர் வீட்டுத் தரகர். உட்கார்ந்ததும் வாயைப் பிளந்துகொண்டு, "உம், கேளுங்க" என்றார்.

"உங்க பல்லு நல்லாத்தான் சார் இருக்கு. பேசறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்ல."

தரகருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், என் பல்லு மட்டும் ஊமையா? அந்த டீச்சரம்மா பல்லு அவ்வளவு பேசியிருக்கு. நான் நாள் முழுக்கப் பேசிப் பொழைக்கிறவன். என் பல்லு எவ்வளவு பேசணும்!"

வாக்குவாதம் வளர்ந்தது. வெளியே வரிசை முணுமுணுத்தது. இவரை அனுப்பினால் போதும் என்று டாக்டர் ஒரே ஒரு வாக்கியம் பேச வைத்தார். அதையும் உபயோகமாக இருக்கட்டுமே என்று, "சிகரெட்டை விட்டுத் தொலைய்யா, மூச்சு முட்டுது" என்று இருமலோடு சொல்ல வைத்தார்.

தரகர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கண் கலங்கி வெளியே போனார். சாயங்காலம் அவர் மனைவி வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பதினெட்டு வருஷமா நான் சொன்னேன், கேக்கல. அவர் பல்லு சொன்னதும் கேட்டுட்டாரு."

புதன்கிழமை வரிசை இரண்டு தெருக்களுக்கு நீண்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "அப்பாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"தேர்வு முடியட்டும்."

"இதுக்கு முன்னாடி கல்யாணம் முடியட்டும்னீங்க. அப்புறம் பாப்பா பொறக்கட்டும்னீங்க. பாப்பாவுக்கு இப்ப பல்லு விழுந்து முளைச்சாச்சு."

"அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாது. நான் சின்ன வயசுல குரங்கு மாதிரி கத்தினதுக்கே ரெண்டு நாள் பேசாம இருந்தவரு."

"அவர் பேசாம இருந்தா இருந்துட்டுப் போறாரு. நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?"

டாக்டர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். அப்போது வரிசையைக் குறைக்க அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாளையிலிருந்து முகக்கவசத்தைக் கழற்றிவிட வேண்டியது. முகம் முழுசாகத் தெரிந்தால் தனக்கே பயம் வரும். உதடு துளி அசைந்தாலும் குட்டு வெளிப்பட்டு, 'இவ்வளவுதானா' என்று ஜனங்கள் கலைந்து போவார்கள்.

அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்று. இருபத்துநாலு வருஷப் பயிற்சி. உதடு அசையவில்லை.

அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரும் வியாழக்கிழமை நம்பிவிட்டார்கள். "நான் கண்ணால பாத்தேன். டாக்டர் சும்மா பொம்மை மாதிரி நின்னாரு. பல்லுதான் பேசிச்சு."

அன்று மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி கணவனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

"டாக்டர், இவர் பல்லைக் கொஞ்சம் விசாரிங்க. மூணு மாசமா செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் வீட்டுக்கு ஏழு மணிக்கு மேலதான் வர்றாரு. கேட்டா ஆபீஸ்ல மீட்டிங்கிறாரு. அவர் சொல்றதை நான் நம்பத் தயாரா இல்ல. பல்லு சொல்லட்டும்."

கணவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவள் அவன் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக வாய் திறந்தது.

டாக்டருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குடும்பத்தில் கலகம் வேண்டாம் என்று, யாருக்கும் பாதகமில்லாத பதிலாக யோசித்து முன்பல்லைப் பேச வைத்தார். "நான் வாசல்ல நிக்கிறவன்மா. உள்ள நடக்கிறது எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் பின்னாடி இருக்கானே கடைவாய், அவனைக் கேளுங்க. அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

பாதகமில்லாத பதில் என்று அவர்தான் நினைத்தார். கணவனின் முகம் வெளிறியது.

"வேணாம்! அதைக் கேக்காதீங்க!" என்று எழுந்துவிட்டான். "நானே சொல்லிடறேன். டான்ஸ் கிளாஸ் போறேன்."

"என்னது?"

"டான்ஸ். காலைத் தூக்கி ஆடறது. ஆபீஸ்ல நான் தணிக்கைப் பிரிவு. அங்க யாரும் தலையைக்கூட ஆட்ட மாட்டாங்க. நாப்பத்தாறு வயசுல இதை எப்படி உங்கிட்டச் சொல்றதுன்னு..."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கே, ஆடிக் காட்டுங்க."

அந்த இடுக்கில், நாற்காலிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே, அவன் நோயாளிக்குக் கழுத்தில் கட்டிவிடும் துணியோடு ஆடினான். சுமாராகத்தான் ஆடினான். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். மனைவி முதலில் சிரித்தாள், அப்புறம் கைதட்டினாள், அப்புறம் தானும் அந்த வகுப்பில் சேர முடியுமா என்று கேட்டாள். அவர்கள் கைகோத்துக்கொண்டு போனபிறகு டாக்டர் வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனுக்கு வந்த தைரியம் தனக்கு வரவில்லையே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை கதை பூங்காவுக்குப் போய்விட்டது. பெரிய டாக்டர், அதாவது அப்பா, தினமும் காலையில் நடக்கும் பூங்கா. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்" என்றார் அப்பா. "முதல் டோக்கன் எனக்கு."

"அப்பா, அது வந்து..."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

"நான் செத்தேன்" என்றார் டாக்டர் மனைவியிடம். "ஆஸ்பத்திரியை வித்தைக் கூடாரம் ஆக்கிட்டேன்னு கத்தப் போறாரு. தேர்வுக்கு எங்கே போறது!"

"நேருக்கு நேர் அவர்கிட்டப் பேச வராதுன்னா, பல்லை விட்டுப் பேசச் சொல்லுங்க" என்றாள் அவள். "ஊருக்கே அதைத்தானே பண்றீங்க? 'உங்க பையனை விட்டுடுங்க'ன்னு அவர் பல்லே சொல்லட்டும்."

ராத்திரி தூங்கப் போவதற்குள் வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. நாலே வரி. மரியாதையான, பெரிய மனுஷத்தனமான ஒரு கடைவாய்ப் பல்லின் குரல்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா வந்தார். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். அவர் உள்ளே வந்து, ஒரு நாளும் நோயாளியாக உட்காராத அந்த நாற்காலியில் சாய்ந்து, விளக்கைத் தானே இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"உன் பெண்டாட்டி எல்லாம் சொன்னா. சாயங்காலம் ஏதோ தேர்வாமே?"

டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி தட்டில் விழுந்து கணீரென்றது. "ஆமாப்பா."

"அதை அப்புறம் பேசலாம். எனக்குப் பல் வலி. பாரு."

"எந்தப் பல்லுப்பா?"

"அதை அதுகிட்டயே கேளு. உன்கிட்டதான் எல்லாப் பல்லும் பேசுதாமே."

அப்பா வாயை அகலத் திறந்தார். டாக்டர் குனிந்தார். இப்போது பேச வேண்டும். நாலே வரி. மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தினார், நாக்கை மடித்தார், தொண்டையைத் தயார் செய்தார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி முயன்றார். காற்றுகூட வரவில்லை. இருபத்துநாலு வருஷமாகச் சோப்புப் பெட்டி முதல் தரகர் பல் வரை பேச வைத்த தொண்டை, அப்பாவின் வாய்க்கு முன்னால் கட்டிப்போட்ட மாதிரி அடைத்துக்கொண்டது. அப்பா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, பலகையில் எழுதினது எழுதினதுதான் என்று அவர் நிமிரப் போனார்.

அப்போது அப்பாவின் வாய்க்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"பெரிய டாக்டரே" என்றது அது. கனமான, கரகரத்த, நிதானமான குரல். "இந்தப் பையனை விட்டுடுங்க. பதினாலு வருஷமா இவன் பிடுங்கின பல்லுல ஒண்ணுகூட இவனை மன்னிக்கல. பல்லைப் பேச வைக்கிறவனைப் போய் பல்லைப் பிடுங்க வெச்சா, அந்தப் பாவம் யாருக்கு?"

டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து தட்டில் இடித்துக்கொண்டார். இடுக்கிகள் எல்லாம் தரையில் சிதறின. அப்பாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. நாக்கு அசையவில்லை.

அப்புறம் அப்பா வாயை மூடி, எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கொப்பளித்துத் துப்பினார்.

"கேட்டியா?"

"கே... கேட்டேன்பா."

"நோயாளி சொல்றதைத் தட்டலாம். பல்லு சொல்றதைத் தட்டக்கூடாது." நாற்காலியிலிருந்து இறங்கி, மகனின் வெள்ளைக் கோட்டைத் தோளிலிருந்து கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. "இன்னிக்கு வரிசையை நான் பாத்துக்கறேன். நீ போய் முகத்தைக் கழுவிட்டு, நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுக் கிளம்பு."

"அப்பா..."

"அங்க போய் இப்படிப் பேந்தப் பேந்த முழிக்காதே. அடுத்த டோக்கன்!"

டாக்டர் எப்படி முன்னறைக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. கால் தரையில் படவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"நர்ஸம்மா, உள்ள பல்லு பேசிச்சு."

"அதான் ஒரு வாரமா பேசுதே டாக்டர்."

"அது இல்ல நர்ஸம்மா. இதுவரைக்கும் பேசினது நான். இப்பப் பேசினது நான் இல்ல. சத்தியமா என் தொண்டையே திறக்கல. அந்த மாதிரி ஒரு குரல் எனக்கு வரவே வராது!"

உள்ளே யாரோ ஒரு நோயாளி விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

நர்ஸம்மா அடுத்த டோக்கனைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பெரிய டாக்டர் கைபட்ட பல்லெல்லாம் பாட்டே பாடும் டாக்டர், உங்க தாத்தா ஒருநாள் திடீர்னு உள்ள வந்து நிக்கிற வரைக்கும்."