அடுத்த வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்

உசிலம்பட்டி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் அழகுபாண்டி அவர்களுக்கு, காசிமாயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கை கனகா, பிள்ளைகள் இருவர், ஜல்லிக்கட்டுக் காளை, நான் அனைவரும் நலம். பேரையூரில் உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

அடுத்த வியாழக்கிழமை குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் எனக்குத்தான், கனகாவுக்கு இல்லை. இரண்டாவது பிரசவத்தில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றி அவளைத் திருப்பித் தந்தார்கள். இன்னொன்று என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். அவளுக்கென்றால் மறுபடி வயிற்றில் கத்தி வைக்க வேண்டும். எனக்கோ சின்னத் துளை, கால் மணி நேரம், அன்றைக்கே வீடு, மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பா இதையும் மாட்டுக்குக் காயடிப்பதையும் ஒன்றாக நினைத்து நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்கே போய், "எம் மகனுக்கு அதுக்கப்புறம் மீசை நிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். "அய்யா, அது வேற, இது வேற. குழாயை மட்டுந்தான் கட்டுவாங்க, ஒன்னும் கொறையாது" என்று அந்த டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. என்னோடு காளையைப் பார்த்துக்கொள்ளும் சின்னான், "அண்ணே, தை மாசம் கயித்த நீங்க பிடிக்க வேணாம், காளை ரோசப்படும்" என்கிறான். அம்மா மூன்று நாளாகப் பட்டினி; முறுக்கு சாப்பாட்டில் சேராதாம். நீங்களோ, "மாப்ள, நம்ம பக்கம் எந்த ஆம்பள இப்படிச் செஞ்சிருக்கான்?" என்று கேட்டுப் போனை வைத்தீர்கள்.

மச்சான், அன்று ரத்தத்துக்கு ஆள் தேடி ஓடும்போது, அவள் போய்விட்டால் சின்னவளுக்குப் பால் கலக்கக்கூட எனக்குத் தெரியாதே என்று நடுரோட்டில் நின்று அழுதேன். அந்தப் பயத்தை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவன் கேட்டாலும் நிமிர்ந்து சொல்லிவிட்டே போகிறேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆசி எப்போதும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
காசிமாயன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கனகா பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "எங்கண்ணனுக்கா இம்புட்டு விளக்கம்? அவரு செஞ்சு நாலு வருசமாச்சு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அண்ணி எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கு" என்கிறாள். ரொம்ப சந்தோஷம் மச்சான். மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள். நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் விஷயம் இன்னும் யாருக்கும் தெரியாது. அப்போது நீங்கள் என்ன காரணம் சொல்லி வீட்டில் படுத்திருந்தீர்கள் என்பதை மட்டும் உடனே போனில் சொல்லுங்கள். லீவு லெட்டரில் அதையே எழுதிவிடுகிறேன்.